ஐந்து வரிசைக்கு ஒரு கிணறு

நாய் குரைக்கும், பூனை கத்தும், இரண்டும் மிருகம்தான் என்று அறிவதற்கு எனக்கு ஒரு ரியூட்டரி வகுப்புத் தேவையில்லை. எங்கள் வளவிலேயே நாயும் நின்றது, பூனையும் நின்றது. ஆனால் யாழ்ப்பாண நகரத்தில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், தகரக் கூரை கொதிக்கக் கொதிக்க, ஞாயிறு ஞாயிறாகப் போயிருந்து நான் படித்த பொருள்நோக்கு நிரலாக்கம் இதுதான். மிருகம் ஒரு கிளாஸ். நாய் அதன் பிள்ளை. நாய் என்ன செய்யும்? குரைக்கும். எழுதுங்கோ. அடுத்தது கார். காருக்கு நாலு சில்லு. எழுதுங்கோ. அந்த வகுப்பில் இருந்த ஒருவர் வீட்டிலும் கார் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சேர் மைக் பிடித்துத்தான் படிப்பிப்பார். வரைவிலக்கணத்தை ஒருக்காச் சொல்வார், மறுபடியும் சொல்வார், பிறகு எங்களையும் சேர்ந்து சொல்லச் சொல்வார். நவராத்திரிக்குத் தேவாரம் பாடமாக்கியது போல எல்லாவற்றையும் பாடமாக்கினோம். தரவுத்தளம் வேறு நாள், வேறு சேர். அங்கே அட்டவணை, வரிசை, முதன்மைச் சாவி. இங்கே கிளாஸ், ஒப்ஜெக்ட். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் நான் எழும்பிக் கேட்டேன்.

"சேர், டேபிளில வரிசை வரிசையா இருக்கிறது எப்பிடி ஒப்ஜெக்ட் ஆகுது? ஒரு வரிசைக்கு ஒரு ஒப்ஜெக்டா? ரெண்டு வரிசையில ஒரே சாமான் வந்தால் என்ன செய்யிறது?"

சேர் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார். "பிள்ளை, அதெல்லாம் லைப்ரரி தானாச் செய்யும். சோதினைக்கு வராததுகளைக் கேட்டு மற்றாக்களின்ரை நேரத்தை வீணாக்காதையும். இரும்."

வலப்பக்கத்து வாங்குகளில் இருந்த பெடியள் சிரித்தார்கள். நான் இருந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். தெரியாததைச் சோதினைக்கு வராது என்று சொல்லி மூடுகிற அந்தக் கெட்டித்தனம்தான் எனக்குப் பொறுக்காது.

நான் கேட்டது பெரிய வேதாந்தம் இல்லை. அட்டவணையில் இருப்பது எழுதி வைத்த தகவல். அது ஆடாது அசையாது. புரோகிராம் அதை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு பொருளாக ஆக்கிக்கொள்கிறது. அந்தப் பொருளுக்குத் தன் நிலை தெரியும், தன் வேலையைத் தானே செய்யும். அப்படி ஆக்கும்போது, உலகத்தில் ஒன்றாய் இருப்பது புரோகிராமுக்குள்ளும் ஒன்றாய்த்தானே இருக்க வேண்டும்? அதைத்தான் கேட்டேன். விடை கிடைக்க வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. போன இடத்தில் எங்கள் அம்மாவின் வெங்காயம் அழிந்தது.

எனக்கு வேலை கிடைத்தது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த சின்ன ஒபிஸில். மத்தியானம் ஆனால் கீழே கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்தில் மேலே போன் பேச முடியாது. எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கொழும்பில் சில வருடங்கள் பெரிய கொம்பனியில் இருந்து விட்டு வந்தவர். அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன். காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார், தேத்தண்ணி வாங்கித் தருவார். ஆனால் அவர் வரைந்ததை ஒருவர் பிழை என்று சொன்னால் முகம் கறுத்துவிடும். அதிலும் சொல்கிறது ஒரு பெட்டை, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவள் என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த ஒபிஸுக்கு எங்கள் ஊர் விவசாயிகள் சங்கத்தில் இருந்து ஒரு வேலை வந்தது. வலிகாமத்தில் தோட்டம் செய்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு கிணறு இல்லை. பங்குக் கிணறுதான். சீதனமாகப் பிரிந்து பிரிந்து காணி துண்டாகும், கிணற்றை வெட்டித் துண்டாக்க ஏலாது, ஆகவே பங்கு பிரியும். எங்கள் கிணற்றில் ஐந்து காணிக்குப் பங்கு. அம்மாவுக்குக் கால் பங்கு, அம்மாவின் அக்காவான பெரியம்மாவுக்குக் கால் பங்கு, மிச்சப் பாதி மற்ற மூன்று பேருக்கு. முறை வைத்துத்தான் இறைப்பு. பங்குக்கு ஏற்ற நேரம். ஒருவர் இறைத்து முடித்தால் தன்ரை வாய்க்காலை மண் வைத்து அடைத்து, அடுத்த முறைக்காரரின் வாய்க்காலை வெட்டித் திறந்துவிட்டுப் போக வேண்டும். அடுத்தவர் வந்து பார்ப்பார். வாய் திறந்திருந்தால் தன் முறை. யாரும் யாரோடும் ஒரு சொல்லும் கதைக்கத் தேவையில்லை.

இது எங்கள் வீட்டுக்குப் பெரிய வசதி, ஏனென்றால் அம்மாவும் பெரியம்மாவும் கோவம். பெரியம்மாவின் மகளின் கலியாணத்துக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு நேரே வந்து சொல்லவில்லையாம், சின்னப் பிள்ளையிடம் அழைப்பிதழைக் கொடுத்து விட்டார்களாம். அம்மா கலியாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு கதைபேச்சு இல்லை. ஆனால் அத்தனை வருடமும் பெரியம்மா தன்ரை முறை முடிய எங்கள் வாய்க்காலைத் திறந்துவிட ஒருநாளும் தவறியதில்லை. வாய் பேசாத இரண்டு பேரின் மண்வெட்டி ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தது.

பிறகு காணிக்காரர் பலர் வெளிநாடு போனார்கள், காணிகள் குத்தகைக்குப் போயின. குத்தகைக்காரர் போகத்துக்குப் போகம் மாறினார்கள். வாய்க்காலை விட்டுக் குழாய் போட்டு இறைக்கத் தொடங்கினார்கள். முறை குழம்பிச் சண்டைகள் வந்தன. ஆகவே சங்கம் யோசித்தது: யாருடைய முறை என்று போனுக்கு மெசேஜ் வந்தால் நல்லதுதானே? நல்ல யோசனை. நான் இப்போதும் அதை நல்ல யோசனை என்றுதான் சொல்வேன்.

சங்கத்தில் இருந்து இரண்டு பேர் வீடு வீடாகப் போய் விவரம் எடுத்தார்கள். ஒரு காணிக்கு ஒரு வரிசை. காணி இலக்கம், செய்கிறவரின் போன், கிணற்றின் இலக்கம், பங்கு, கடைசியாய் இறைத்த நாள். அருமையாக, ஒரு பிழையும் இல்லாமல் எடுத்திருந்தார்கள். எங்கள் கிணற்றுக்கு எங்கள் வீட்டில் இருந்துதான் தொடங்கினார்கள், அம்மா தேத்தண்ணி கொடுத்து இருத்தி வைத்தபடியால். அதனால் ஐந்து வரிசையில் முதலாவது அம்மாவுடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை பலகையில் வரைந்தார். காணி ஒரு கிளாஸ். அதற்குள்ளே கிணறு. ஒரு வரிசையை வாசித்ததும் ஒரு காணி உருவாகும், அதற்குள் ஒரு கிணறு உருவாகும். யார் கடைசியாய் இறைத்தார், அடுத்தது யார் என்று அந்தக் கிணறு வைத்திருக்கும்.

நான் எண்ணிப் பார்த்தேன்.

"அண்ணை, ஐஞ்சு வரிசை வாசிச்சால் ஐஞ்சு கிணறெல்லே உருவாகுது? எங்கடை ஊரில உது ஒரு கிணறு."

"கிணத்திலக்கம் ஒண்டுதானே இருக்கு. இலக்கம் ஒண்டெண்டால் கிணறும் ஒண்டு."

"இலக்கம் ஒண்டுதான். ஆனால் புரோகிராமுக்குள்ளை ஐஞ்சு தனித்தனிக் கிணறு. ஒண்டில தண்ணி இறைச்சால் மற்ற நாலுக்கும் தெரியாது. ஒவ்வொரு கிணத்துக்கும் ஒரேயொரு பங்காளிதான் தெரியும்."

அண்ணை மாக்கரை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, நீர் தோட்டக்காரர் மாதிரி யோசிக்கிறீர். புரோகிராமர் மாதிரி யோசியும்."

பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ரியூட்டரிச் சிரிப்பேதான், இடம்தான் வேறு. அண்ணை ஒரு காணி, ஒரு கிணறு போட்டு ஓட்டிக் காட்டினார். ஓடியது. ஒரு காணி என்றால் ஓடும்தானே!

மெசேஜ் முதன்முதல் போன பின்னேரம் நான் வீட்டில் நின்றேன். அம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நாளை காலை உங்கள் முறை என்று வந்திருந்தது. உண்மையாகவே அடுத்த நாள் எங்கள் முறைதான். அம்மாவுக்குப் பெரும் புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. அப்பாவுக்கு நாரி நோவால் குனிந்து நிமிர ஏலாமல் போன பிறகு தோட்டம் முழுக்க அம்மாவின் தலையில்தான். வெங்காயம் திரண்டு வருகிற நேரம். கடும் வெயில், கிணற்றில் ஒருவர் இறைக்கத்தான் தண்ணீர் காணும், பிறகு ஊற விட வேண்டும். அந்த நேரம் ஒரு தண்ணீர் தவறினாலே தாள் நுனி பழுத்துவிடும். அந்த வெங்காயம்தான் எங்களுக்கு அந்த வருடச் சோறு. அம்மா வேலிக்கு மேலால் அயலுக்கெல்லாம் கேட்கச் சொன்னார். "என்ரை மகள் செய்த சாமான். பார், சரியாச் சொல்லுது."

காலையில் நானும் கூடப் போனேன். வாய்க்கால் எங்கள் பக்கம் திறந்திருந்தது. அம்மா வாட்டர்பம்பைப் போட்டு முதல் பாத்திக்குத் தண்ணீர் திருப்பத் தொடங்கினார். அதற்குள் கீழ்ப் பக்கத்துக் காணியைக் குத்தகைக்குச் செய்கிறவர் மண்வெட்டியோடு வந்தார், கையில் போன். அவருக்கும் அதே மெசேஜ். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அவர்களுக்கும் அதே மெசேஜ். கடைசியாகப் பெரியம்மா வந்தார். அவர் போனை உயர்த்திப் பிடித்தபடி வந்தார்.

நான் விளங்கப்படுத்த வாய் திறந்தேன். யார் கேட்டது? ஆளுக்காள் கத்தத் தொடங்கினார்கள். பெரியம்மா மட்டும் கத்தவில்லை. அவர் குத்தகைக்காரரைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் அம்மாவின் காதில் விழத்தான் சொன்னார்.

"எல்லாருக்கும் மெசேச் வந்திருக்கு, ஆனால் முந்தி ஓடியந்து இறைக்கிறது ஆர் எண்டு பாருங்கோ தம்பி. மகள் கொம்பியூட்டரில இருந்தால் தாய்க்கு ஏன் முறை? கண்டறியாத கொம்பியூட்டர்!"

அம்மாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவர் நேரே போய் வாட்டர்பம்பை நிப்பாட்டினார். மண் அள்ளி எங்கள் வாய்க்காலை அடைத்தார். பிறகு பெரியம்மாவின் பக்கத்து வாயை வெட்டித் திறந்துவிட்டு, குத்தகைக்காரரிடம் சொன்னார். "தம்பி, அவவையே இறைக்கச் சொல்லும். என்ரை பிள்ளையைக் கள்ளியெண்டு சொல்லிற தண்ணி எனக்கு வேண்டாம்."

நாங்கள் வீட்டுக்கு வந்தோம். ஒரு பாத்திகூட முழுதாய் நனைந்திருக்கவில்லை. அம்மா சட்டி பானை எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தார். எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

ஒபிஸில் அண்ணை கதிரையில் சாய்ந்து இருந்து கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "டேட்டா பிழையாயிருக்கும். விவரம் எடுத்த ஆக்கள் பிழையாப் பதிஞ்சிருப்பினம். ஊராக்கள்தானே."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! வெயிலில் வீடு வீடாய் அலைந்து ஒரு புள்ளி பிசகாமல் எழுதித் தந்தவர்கள் மேலேயா பழி? எனக்கு அன்று பயம் விட்டுப் போனது. அவருடைய மேசையிலேயே போட்டுக் காட்டினேன். ஐந்து காணியையும் ஏற்றினேன். முதல் காணியின் கிணற்றில் இறைத்த நாளை மாற்றினேன். இரண்டாவது காணியின் கிணற்றைக் கேட்டேன். பழைய நாளையே சொன்னது. மூன்றாவதும் அப்படியே.

"பாருங்கோ. ஒரே இலக்கம், ஐஞ்சு கிணறு. ஒண்டுக்கு நடந்தது மற்றதுக்குத் தெரியாது."

அண்ணை நாடியைத் தடவினார். "ம்ம்... டூப்ளிகேட்" என்றார். "சின்ன வேலை. நான் பாக்கிறன்."

சின்ன வேலை! நான் மத்தியானம் சாப்பிட்டு வருவதற்குள் அந்தச் சின்ன வேலையைச் செய்து முடித்திருந்தார். கிணற்று இலக்கம் திரும்ப வருகிற வரிசைகளை எல்லாம் அழித்துவிட்டார். ஒரு கிணற்றுக்கு முதலாவது வரிசை மட்டும் மிச்சம். இப்போது கிணறு ஒன்று. காணியும் ஒன்று. மற்ற நான்கு பேரும் உலகத்திலேயே இல்லை. அவர் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை, நானும் திறந்து பார்க்கவில்லை.

எங்கள் கிணற்றுக்கு முதலாவது வரிசை யாருடையது என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

அடுத்த முறை மெசேஜ் அம்மாவுக்கு மட்டும் வந்தது. அதற்கடுத்த நாளும் அம்மாவுக்கு மட்டும். ஊரில் வேறு ஒருவருக்கும் வரவில்லை என்று அம்மா கடையில் விசாரித்து அறிந்திருந்தார். நான் வேலையால் வரும்போது போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு இருந்தார். பெரியம்மா சொன்ன பொய்யை என் ஒபிஸ் உண்மையாக்கிக் கொடுத்திருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

"நீங்கள் இறைக்கப் போகேல்லையோ?" என்று கேட்டேன். "இண்டைக்கு எங்கடை முறைதானே. மெசேச்சை விடுங்கோ, உண்மையாவே எங்கடை முறை."

"போகேல்லை. போனால் அவ சொன்னது சரியாப் போயிடும். வெங்காயம் போனால் போகட்டும். நீ களவெடுத்து எனக்குத் தந்தனி எண்டு ஒருத்தரும் கதைக்கக் கூடாது."

நான் தோட்டத்துக்கு ஓடினேன். தாள் நுனி எல்லாம் மஞ்சள். சில பாத்திகள் படுத்தே விட்டன. வரம்பில் இருந்து சத்தம் போட்டு அழுதேன். யாரைத் திட்டுகிறேன் என்று தெரியாமல் எல்லோரையும் திட்டினேன். மைக் பிடித்த சேரை, மாக்கர் பிடித்த அண்ணையை, நேரே வந்து சொல்லாத கலியாண வீட்டை, நாய் குரைக்கும் என்று எழுதின என் கொப்பியைக்கூடத் திட்டினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது உதவாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, பயிரையும் அல்லவா தின்றுவிட்டது.

அதன் பிறகு நான் ஒருவரையும் கேட்கவில்லை. அழித்த வரிசைகளைத் திரும்பப் போட்டேன். புதிதாய் எழுதினேன். ஒரு வரிசையை வாசிக்கும்போது, இந்த இலக்கக் கிணறு ஏற்கெனவே உருவாகியிருக்கிறதா என்று முதலில் பார். இருந்தால் அதையே எடுத்துக் கொடு. இல்லையென்றால் மட்டும் புதிதாய் உருவாக்கு. அவ்வளவுதான். ஐந்து காணியும் ஒரே கிணற்றைப் பார்த்தன. ஒரு காணியால் இறைத்தால் மற்ற நாலுக்கும் தெரிந்தது. நான் சேரிடம் கேட்ட கேள்விக்கு விடை இந்தச் சின்ன விசயம். இதைச் சொல்லித்தர ஏலாதா ஒரு மனுசனுக்கு?

ஆனால் அதிலும் ஒரு கோளாறு. கிணறு ஒன்றானது, முறை எல்லோருக்கும் சரிசமனாய் வந்தது. கால் பங்குக்காரருக்கும் குறைந்த பங்குக்காரருக்கும் ஒரே நேரம். பங்கை எங்கே வைப்பது? காணிக்குள் வைத்தேன். சரிவரவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் காணியை விற்றாலும் கிணற்றுப் பங்கை விற்காமல் வைத்திருக்கிறவர்கள் உண்டு. கிணற்றுக்குள் வைத்தேன். கிணற்றுக்கு ஐந்து பேருடைய குடும்பக் கதையும் தெரிய வேண்டியிருந்தது. இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் பஸ் நெரிசலில் நின்றபோதுதான் பிடிபட்டது. பங்கு காணிக்குள்ளும் இல்லை, கிணற்றுக்குள்ளும் இல்லை. பங்கு தானே ஒரு பொருள். நாங்கள் நாளாந்தம் பங்கு பங்கு என்றுதானே கதைக்கிறோம், பங்குக்காகத்தானே வழக்குப் போட்டுக் கோடு கச்சேரி ஏறுகிறோம்! அதற்கு ஒரு கிளாஸ், அதற்கு ஒரு அட்டவணை. காணியையும் கிணற்றையும் அது பிடித்து வைத்திருக்கும். பஸ்ஸுக்குள் நின்று நான் "ஓம்!" என்று சத்தமாய்ச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற மனுசி விசரியோ என்று பார்த்தது.

இன்னொன்றும் செய்தேன். முறைக்காரருக்கு மட்டும் மெசேஜ் போவதை நிப்பாட்டினேன். நாளை இன்ன காணியின் முறை என்று ஐந்து பேருக்கும் ஒரே மெசேஜ். ஒருவருக்குத் தெரிவது எல்லோருக்கும் தெரியட்டும்.

சங்கம் கூட்டம் வைத்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் பின்னேரம். சனம் கொதித்துப்போய் வந்திருந்தது. எங்கள் கிணற்றில் மட்டுமா, ஊரில் பங்குக் கிணறு எல்லாவற்றிலும் இதே கூத்து. பெரியம்மா முன் வாங்கில். அம்மா பின்னுக்கு, தூணோடு. அண்ணை இஸ்திரி போட்ட சேட்டோடு எழும்பி, தரவு சேகரித்ததில் ஒரு சிறு தவறு நேர்ந்துவிட்டது, அதைத் திருத்தியாயிற்று என்று மென்மையாகச் சொன்னார். விவரம் எடுத்த இரண்டு பேரும் தலையைக் குனிந்தார்கள். ஒருவர் அறுபது தாண்டிய மனிதர். அவர் தான் எங்கேயோ பிழை விட்டுவிட்டேன் என்றே நம்பிவிட்டார், அது முகத்தில் தெரிந்தது.

நான் எழும்பிவிட்டேன்.

"விவரம் எடுத்த ஆக்களில ஒரு பிழையும் இல்லை. பிழை எங்கடை. உங்கடை கிணறு ஒண்டு. நாங்கள்தான் அதை ஐஞ்சாக்கினது. பிறகு அதைத் திருத்திறம் எண்டு உங்களில முக்கால்வாசிப் பேரை அழிச்சுப் போட்டம். முதல் வரிசையில என்ரை அம்மா இருந்தா, அதாலதான் அவவுக்கு மட்டும் மெசேச் வந்தது. அவ ஒரு நாளும் அந்த மெசேச்சைப் பாத்து இறைக்கேல்லை. எங்கடை வெங்காயத்தைப் போய்ப் பாருங்கோ. களவெடுத்தவையின்ரை தோட்டம் அப்பிடியோ கிடக்கும்?"

அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை. பெரியம்மாவும் திரும்பவில்லை, ஆனால் சீலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு இருந்தார். நான் புது மெசேஜ் எப்படி வரும் என்று சொல்லிவிட்டு வாங்கில் இருந்தேன்.

அண்ணை மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. வேலையால் நிப்பாட்டவும் இல்லை, ஏனென்றால் ஓடிக்கொண்டிருந்தது நான் எழுதியது. இதில் எரிச்சல் என்னவென்றால், இப்போது அவர் அதே ரியூட்டரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பிக்கிறார். பலகையில் ஒரு கிணறும் ஐந்து காணியும் வரைகிறாராம். "தோட்டக்காரர் மாதிரி யோசியுங்கோ" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறாராம். அங்கே படிக்கிற அயல்வீட்டுப் பெட்டை வந்து எனக்கே விளங்கப்படுத்தினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். நாய்க்கும் பூனைக்கும் இது எவ்வளவோ மேல்தான், அதற்காக அவருடைய வாயால் வர வேண்டுமா?

புது மெசேஜ் வந்த முதல் பின்னேரம் அம்மா மாட்டேன் என்று நின்றார். வாய்க்காலையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பெரியம்மா தன்ரை முறை முடித்துக் கால் கழுவிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் மண்வெட்டியை எடுத்தார். தன்ரை வாயை அடைத்தார். எங்கள் வாயை வெட்டித் திறந்தார். பிறகு எங்கள் தோட்டத்தை, மஞ்சளாய்ப் படுத்துக் கிடந்த பாத்திகளை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா அவருக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றார். பெரியம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பிள்ளை, கொம்மாட்டைச் சொல்லு, நாளைக்கு அவவின்ரை முறையாம். எனக்கும் மெசேச் வந்திருக்கு."

"அம்மா, நாளைக்கு உங்கடை முறையாம்."

"எனக்குத் தெரியும் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

நேரே சொன்னால் இரண்டு பேருக்கும் வாய் வெந்துவிடுமோ! நான் சொன்னேன். பெரியம்மா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"உந்தத் தண்ணி உந்த வெங்காயத்துக்குக் காணாது. என்ரை அடுத்த முறையையும் அவவையே எடுக்கச் சொல்லு. என்ரை பயித்தங்காய் ஒருக்காத் தாங்கும்."

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் இல்லை.

"எடுக்கிறன் எண்டு சொல்லு" என்றார்.

"எடுக்கிறாவாம் பெரியம்மா" என்றேன். ஒருவர் தன் முறையை இன்னொருவருக்குக் கொடுக்கிறதற்கு நான் எழுதிய புரோகிராமில் இடமே இல்லை. பெரியம்மாவின் முறை நாளன்றும் எல்லோருக்கும் பெரியம்மாவின் முறை என்றுதான் மெசேஜ் போனது. அம்மாதான் இறைத்தார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.